எழுதியதைத் திருத்துவது எப்படி? நடைப் பிழைகளைக் களையப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழில் கட்டுரை எழுதத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் சந்திப்பிழைக்கு அஞ்சுகிறார்கள். நடைப் பிழைக்கு அஞ்சுவதில்லை. ஒற்று ஒன்று விடுபட்டிருந்தால் வாசகர் முகம் சுளித்துவிட்டு மேலே படிப்பார். ஆனால் வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் அதையே இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் படிக்க நேர்ந்தால், கட்டுரையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்.

இந்தக் குற்றங்களுக்கு நம் இலக்கண நூலார் வெகுகாலத்துக்கு முன்பே பெயர் வைத்துவிட்டனர். 13ஆம் நூற்றாண்டில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டிக்கொண்டதற்கு இணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தன் பாயிரத்தில் ஒரு நூலில் இருக்கக் கூடாத பத்துக் குற்றங்களை அடுக்குகிறது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. இலக்கண நூல் எழுதுபவருக்காகச் சொன்னவை என்றாலும், இன்று ஆயிரம் சொல்லில் கட்டுரை எழுதுபவருக்கும் இவற்றைவிடச் சுருக்கமான சரிபார்ப்புப் பட்டியல் கிடைக்காது. ஆனால் எழுதும்போதே பத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கை ஓடாது. எழுதி முடித்தபின், ஒரு முறைக்கு ஒரு குற்றத்தை மட்டும் தேடிப் படிப்பதே கைகூடும் வழி. கீழ்வரும் படிகள் அந்த முறையில் அமைந்தவை.

முதற்படி: ஆறப்போடுதல்

வரைவை எழுதும்போது திருத்த வேண்டாம். முடித்தபின் ஓர் இரவாவது விட்டுவைத்து, மறுநாள் அதைத் தாளில் அச்சிட்டோ வேறோர் எழுத்துருவுக்கு மாற்றியோ வாய்விட்டுப் படியுங்கள். எழுதியவரின் கண், எழுத நினைத்ததைத்தான் தாளில் காண்கிறது. வாய்விட்டுப் படிக்கும்போது மூச்சு முட்டும் இடமும் நாக்குத் தடுக்கும் இடமும் தாமே தெரிந்துவிடும். அங்கெல்லாம் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டு மேலே செல்லுங்கள்.

இரண்டாம் படி: பயனிலைகளை மட்டும் படித்தல்

தமிழில் எழுவாய் தொடக்கத்திலும் பயனிலை முடிவிலும் நிற்பதே இயல்பு. இடையில் பத்துப் பன்னிரண்டு சொற்கள் புகுந்துவிட்டால், எழுதுபவர் எழுவாயை மறந்து, கடைசியாகக் கண்ணில் பட்ட சொல்லுக்கு ஏற்பப் பயனிலையை அமைத்துவிடுகிறார். "பொதுமக்கள் அளித்த மனுக்கள் அனைத்தும் உடனடியாகப் பரிசீலிக்கப்பட்டது" என்பது நாள்தோறும் நாம் படிக்கும் வாக்கியம். மனுக்கள் "பரிசீலிக்கப்பட்டன" என்றுதான் முடிய வேண்டும். "கூட்டத்துக்கு வந்திருந்த உறுப்பினர்களில் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்னும் வாக்கியத்தில் பிழை மறுபுறமாகத் திரும்பியிருக்கிறது. தெரிவித்தவர் ஒருவர்தான், உறுப்பினர்கள் என்னும் பன்மை அருகில் இருந்ததால் பயனிலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கம் திணை, பால், எண், இடம் ஆகியவற்றின் இயைபைப் பற்றியே பெரிதும் பேசுவதிலிருந்து, இது புதிய பிழை அன்று என்பது விளங்கும்.

இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு வாக்கியத்திலும் பயனிலையை அடிக்கோடிட்டு, அதை நோக்கி "யார்?" அல்லது "எது?" என்று கேளுங்கள். வரும் விடையை மட்டும் பயனிலையோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். நடுவில் உள்ள சொற்களையெல்லாம் அப்போதைக்கு மறந்துவிடுங்கள். "மனுக்கள் பரிசீலிக்கப்பட்டது" என்று தனியாகச் சொன்னால் எவருக்கும் காது உறுத்தும்.

"ஒவ்வொரு" என்னும் சொல்லுக்குப்பின் ஒருமையே வர வேண்டும். "ஒவ்வொரு மாணவர்களும் தங்கள் பெயர்களை எழுத வேண்டும்" என்று எழுதாமல், "ஒவ்வொரு மாணவரும் தம் பெயரை எழுத வேண்டும்" என்று எழுதுங்கள். இதற்கு நேர்மாறாக, தேவையில்லாத இடத்தில் "கள்" சேர்ப்பவர்களும் உள்ளனர். "ஐந்து கிலோமீட்டர்கள் நடந்தார்", "நூறு ரூபாய்கள் கொடுத்தார்" என்பன தமிழ்க் காதுக்கு ஒட்டுவதில்லை. எண்ணுப் பெயர் வந்துவிட்ட பிறகு அளவைப் பெயருக்குப் பன்மை விகுதி வேண்டியதில்லை. அஃறிணைப் பெயர் "கள்" இல்லாமலே பன்மையைக் குறிக்கும் என்பதால், "மாடு மேய்ந்தன" என்பதும் முறையான தொடரே. இலக்கணம் அதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று சொல்லும்.

ஒருமைக்கு "அன்று", பன்மைக்கு "அல்ல" என்பது பழைய விதி. இன்றைய உரைநடையில் "இது உண்மையல்ல" என்றே பெரும்பாலோர் எழுதுகின்றனர். புதிதாக எழுதுபவர் அதைத் திருத்துவதில் பொழுதைச் செலவிடத் தேவையில்லை என்றே நான் கருதுகிறேன். ஆனால் முதற்பத்தியில் "உண்மையன்று" என்றும் நான்காம் பத்தியில் "உண்மையல்ல" என்றும் எழுதினால் அது மாறுகொளக் கூறலின், அதாவது முன்னுக்குப்பின் முரணாகச் சொல்வதன், சிறிய வடிவம். ஒருவரை முதலில் "பிறந்தார்" என்று மரியாதைப் பன்மையில் சொல்லிவிட்டு, அடுத்த பத்தியில் "எழுதினான்" என்று முடிப்பதும் அத்தகையதே. அரசர்களையும் புலவர்களையும் பற்றி எழுதும்போது இது மிகுதியாக நேர்கிறது.

மூன்றாம் படி: வெற்றுச் சொற்களைக் களைதல்

இந்தப் படியில்தான் கட்டுரை மிகுதியாக மெலியும். கீழ்வரும் வாக்கியத்தைப் பாருங்கள்.

"மகாகவி பாரதியார் அவர்கள் 1882ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 11ஆம் தேதி அன்று எட்டயபுரம் என்னும் ஊரில் பிறந்தவர் ஆவார் என்பது குறிப்பிடத்தக்கது ஆகும்."

இதில் வாசகருக்கு வேண்டியது இவ்வளவுதான்: "பாரதியார் 1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் பிறந்தார்." டிசம்பர் மாதம்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். எட்டயபுரம் ஊர் என்பதும் தெரியும். குறிப்பிடத்தக்கது என்று சொல்ல வேண்டியதே இல்லை. குறிப்பிடத் தகுந்ததாக இருப்பதால்தானே குறிப்பிட்டிருக்கிறீர்கள். "என்பதில் ஐயமில்லை", "என்று சொன்னால் அது மிகையாகாது", "என்பதை நாம் அனைவரும் அறிவோம்" ஆகிய வால்களும் இவ்வகையின. இவற்றையே நன்னூல் வெற்றெனத் தொடுத்தல் என்கிறது. ஐயமில்லை என்று எழுதும் இடத்தில்தான் பெரும்பாலும் சான்று இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள்; வாலை வெட்டியபின் வாக்கியம் வலுவற்றுத் தோன்றினால், அங்கே சேர்க்க வேண்டியது சான்றே.

"ஆகும்", "ஆவார்" என்பன தனியாகச் சொல்லத் தக்கவை. தமிழில் பெயர்ச்சொல்லே பயனிலையாக நிற்கும். "அவர் ஒரு சிறந்த எழுத்தாளர் ஆவார்" என்பதைவிட "அவர் சிறந்த எழுத்தாளர்" என்பதே நிறைவான வாக்கியம். "ஒரு" என்னும் சொல்லும் அங்கே வேண்டியதில்லை. எண்ணைச் சொல்லவோ குறிப்பிடாத ஒன்றைச் சுட்டவோ வரும் "ஒரு" இருக்கட்டும். பழக்கத்தால் வந்தவற்றை எடுத்துவிடுங்கள்.

அடுத்து, பெயராக உறைந்துபோன வினைகளைத் தேடுங்கள். "ஆய்வு மேற்கொள்ளப்பட்டது", "விசாரணை நடத்தப்பட்டு வருகிறது", "முடிவு எடுக்கப்பட்டது" என்று அலுவலக அறிக்கைகளில் வருவதைப் படித்துப் படித்து, நாமும் அப்படியே எழுதப் பழகிவிட்டோம். "ஆய்ந்தனர்", "விசாரிக்கின்றனர்", "முடிவு செய்தனர்" என்று எழுதினால், யார் செய்தார் என்ற கேள்வி உடனே எழும். அதற்கு விடை சொல்ல வேண்டிய கட்டாயம் எழுதுபவருக்கு வருவதே இந்தத் திருத்தத்தின் பெரும்பயன். "குழுவினரால் ஆய்வு மேற்கொள்ளப்பட்டு அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டது" என்பதைக் "குழுவினர் ஆய்ந்து அறிக்கை அளித்தனர்" என்று மாற்றுங்கள்.

இதனால் "படு" சேர்ந்த செயப்பாட்டு வினை முழுவதும் குற்றம் என்று கொள்ள வேண்டாம். செய்தவர் யார் என்பது அந்த இடத்துக்குத் தேவையில்லை என்றால் அது பொருத்தமானதே. "பழைய பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது" என்னும் வாக்கியத்தில் திருத்த எதுவும் இல்லை. ஆனால் பெயரெச்சத்தில் "படு" பெரும்பாலும் வீண்சுமை. "அவரால் கட்டப்பட்ட வீடு" என்பது "அவர் கட்டிய வீடு" என்றாகட்டும். தமிழ் இதில் இன்னும் தாராளமானது. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லும் மரபைத் தொல்காப்பியம் ஏற்கிறது. "திண்ணை மெழுகிற்று" என்பது அதற்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. "கதவு திறந்தது", "கடை அடைத்திருக்கிறது" என்று இன்றும் நாம் பேசுவது அந்த மரபின் தொடர்ச்சியே.

கூறியது கூறலை இதே சுற்றில் பார்த்துவிடலாம். "இதற்குக் காரணம் என்னவென்றால் மழை பெய்யாததே காரணமாகும்", "சுமார் நூறு பேர் அளவுக்கு வந்திருந்தனர்", "பின்னால் பின்தொடர்ந்து சென்றார்" ஆகியவற்றில் ஒரே செய்தி இரு முறை நிற்கிறது. ஒரே பொருள் தரும் சொற்களை அடுக்கிச் சொல்லும் ஒருபொருட்பன்மொழி என்ற ஒன்று இருக்கிறதே என்று சிலர் வாதிடுவர். இருக்கிறது, ஆனால் அது சிறப்புத் தரும் இடத்தில்தான் குற்றமாகாது என்று நன்னூலே வரையறுத்துவிட்டது. "உயர்ந்தோங்கிய மலை" என்பதில் இரண்டாம் சொல் மலையை இன்னும் சற்று உயர்த்துகிறது. "பின்னால் பின்தொடர்ந்து" என்பதில் யாரும் எதையும் பெறவில்லை.

நான்காம் படி: வினையெச்சங்களைப் பின்தொடர்தல்

புதியவர்களின் கட்டுரையில் மிகுதியாகக் காணும் பிழை எது என்று கேட்டால் இதையே சொல்வேன். ஆனால் இதைப் பற்றி எவரும் அவர்களுக்குச் சொல்லித்தருவதில்லை. "படித்து", "இறங்கி", "எடுத்துக்கொண்டு" போன்ற வினையெச்சங்கள், வாக்கியத்தின் இறுதி வினையைச் செய்தவரே இவற்றையும் செய்தார் என்று பொருள் தருபவை. செய்து, செய்யூ, செய்பு ஆகிய மூன்று வாய்பாட்டு எச்சங்களும் வினைமுதலையே, அதாவது அந்தச் செயலைச் செய்தவரின் வினையையே, கொண்டு முடியும் என்று தொல்காப்பியர் விதித்தார். இன்றைய உரைநடைக்கு அவற்றுள் "செய்து" ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

"கடிதத்தைப் படித்து மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது" என்னும் வாக்கியத்தில் படித்தவர் ஒருவர், ஏற்பட்டதோ மகிழ்ச்சி. மகிழ்ச்சியே கடிதத்தைப் படித்தது போலாகிவிடுகிறது. "கடிதத்தைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன்" என்றோ, "கடிதத்தைப் படித்ததும் மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது" என்றோ எழுதலாம். "மாணவர்கள் நுழைவுச்சீட்டைக் காட்டி, கண்காணிப்பாளர் உள்ளே அனுமதிப்பார்" என்பதும் இப்படித்தான். "காட்டினால்" என்று மாற்றியதும் வாக்கியம் நிமிர்ந்துவிடும். இருவேறு எழுவாய்களை இணைக்க வேண்டுமானால் "செய்ய", "செய்ததும்", "செய்தால்", "செய்தபின்" ஆகிய வடிவங்கள் உள்ளன.

"மழை பெய்து குளம் நிறைந்தது" என்று சொல்கிறோமே என்று கேட்கலாம். இத்தகைய இடங்களில் "பெய்து" என்பது "பெய்ய" என்னும் பொருளில் திரிந்து நிற்பதாக இலக்கணம் அமைதி கூறும். முதல் நிகழ்ச்சி இரண்டாவதற்கு நேர்க்காரணமாக இருப்பதால் கேட்பவருக்கு மயக்கம் வருவதில்லை. அந்தத் தொடர்பு இல்லாத இடத்தில் இந்தச் சலுகையைக் கோர முடியாது. "பேருந்திலிருந்து இறங்கி மழை பெய்தது" என்றால் எவரும் ஏற்கமாட்டார்.

நீண்ட வாக்கியம் கூடாது என்று பொதுவாக அறிவுரை சொல்வார்கள். நான் அதை முழுவதும் ஏற்பதில்லை. ஒரே எழுவாய் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் செயல்களை எச்சங்களால் தொடுத்துக்கொண்டே போனால், ஐம்பது சொல் வாக்கியமும் தெளிவாக இருக்கும். மூச்சு முட்டவைப்பது நீளத்தைவிட, ஒரே பெயரின் தலையில் அடைமொழிகளை அடுக்குவதே. இதைப் பாருங்கள்: "முதலாம் இராசராசனால் 1010இல் கட்டி முடிக்கப்பட்டதும் யுனெஸ்கோவால் 1987இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டதுமான தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டு 2010இல் கொண்டாடப்பட்டது." கோவில் என்னும் சொல் வரும்வரை, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதே வாசகருக்குத் தெரியாது. இதைப் பிரித்து எழுதினால், "தஞ்சைப் பெரிய கோவிலை முதலாம் இராசராசன் 1010இல் கட்டி முடித்தான். யுனெஸ்கோ 1987இல் அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அதன் ஆயிரமாவது ஆண்டை 2010இல் கொண்டாடினர்" என்று காலவரிசையும் தானாக அமைந்துவிடும். ஒரு பெயருக்குமுன் இரண்டு பெயரெச்சத் தொடர்களுக்கு மேல் வந்தால் பிரித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: மயக்கத்தை நீக்குதல்

"புதிய ஆசிரியர் கையேடு" என்றால் கையேடு புதியதா, ஆசிரியர் புதியவரா? "சென்னையிலிருந்து வந்த எழுத்தாளரின் நண்பர்" என்றால் வந்தவர் யார்? எழுதியவருக்கு இதில் மயக்கம் இல்லாததால்தான் இது அவர் கண்ணுக்குத் தப்புகிறது. "புதிய ஆசிரியர்களுக்கான கையேடு" என்றோ "ஆசிரியர்களுக்கான புதிய கையேடு" என்றோ அடைமொழியை உரிய பெயருக்கு அருகே நகர்த்துங்கள். காலம் காட்டும் சொற்களுக்கும் இதே கவனம் வேண்டும். "முருகன் நேற்று வந்த தம்பியைப் பார்த்தான்" என்பதில் "நேற்று" வருகையோடு ஒட்டிக்கொள்கிறது; பார்த்தது நேற்று என்றால் "ஊரிலிருந்து வந்த தம்பியை முருகன் நேற்றுப் பார்த்தான்" என்று அதை வினைக்கு அருகில் வையுங்கள்.

"தன்" என்பது வாக்கியத்தின் எழுவாயைச் சுட்டும். "குமரன் கண்ணனிடம் தன் புத்தகத்தைக் கேட்டான்" என்றால் புத்தகம் குமரனுடையது; "அவன் புத்தகத்தை" என்றால் கண்ணனுடையது, அல்லது மூன்றாம் ஒருவனுடையது. பிறர் பேச்சை எழுதும்போது "தான் வருகிறேன் என்று சொன்னார்" என்று நேர்கூற்றையும் அயற்கூற்றையும் கலக்காதீர்கள். "நான் வருகிறேன் என்று சொன்னார்", "தான் வருவதாகச் சொன்னார்" ஆகிய இரண்டில் ஒன்று போதும்.

பட்டியலிடும்போது, "உம்" என்னும் உம்மையை ஒன்றுக்குக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் கொடுங்கள்: "அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்கினார்". அது நீண்டுவிடும் என்றால் "அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை வாங்கினார்" என்று தொகுத்துச் சொல்லுங்கள். இவ்விரு வழிகளும் இருக்கையில் பெயர்களுக்கு நடுவே "மற்றும்" போட வேண்டிய தேவை மிகச் சில இடங்களிலேயே வரும். பட்டியல் முழுமையானது என்றால் "ஆகிய", இன்னும் உண்டு என்றால் "முதலிய" என்று எழுதுங்கள். மூவேந்தரைச் சொல்லும்போது "சேரர், சோழர், பாண்டியர் முதலியோர்" என்று எழுதினால், நான்காமவர் யார் என்று வாசகர் தேடத் தொடங்குவார்.

நிறுத்தற்குறிகளும் இந்தப் படியைச் சேர்ந்தவையே. ஏட்டுச் சுவடிகளில் அவை இல்லை; அச்சு வந்தபின், ஆறுமுக நாவலர் போன்றோர் உரைநடையில் அவற்றைக் கையாண்டு பழக்கினர். எழுவாய்க்குப்பின் காரணமின்றிக் காற்புள்ளி இடுவதும், ஒரு வியப்புக்குறி போதாது என்று மூன்று இடுவதும் இன்று பெருகியுள்ளன. காற்புள்ளியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்; பொருள் மாறவில்லை, மூச்சும் முட்டவில்லை என்றால் அது வேண்டாம்.

ஆறாம் படி: விடுபட்டதைச் சேர்த்தல்

இதுவரை வெட்டினோம். வெட்டுவதில் சுவை கண்டுவிட்டால் குன்றக் கூறலில் போய் விழுவோம். இணையத்தில் வரும் கட்டுரையை ஐந்து ஆண்டு கழித்தும் ஒருவர் படிப்பார் என்பதால், "சமீபத்தில்", "கடந்த ஆண்டு", "தற்போதைய அமைச்சர்" ஆகியவற்றுக்குப் பதில் ஆண்டையும் பெயரையும் எழுதுங்கள். "பலர் கூறுகின்றனர்" என்ற இடத்தில் ஒருவரையாவது சுட்ட முடியாவிட்டால் அந்த வாக்கியத்தையே எடுத்துவிடலாம். மற்றொன்று விரித்தலைப் பிடிக்க, ஒவ்வொரு பத்தியும் எதைப் பற்றியது என்று ஓரத்தில் இரண்டு சொல்லில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத பத்தியில் இரண்டு செய்திகள் இருக்கும். கட்டுரையின் கடைசி மூன்று பத்திகள் முதல் மூன்றைவிட மிகவும் ஒல்லியாக இருந்தால், அது சென்று தேய்ந்து இறுதல். களைத்துப்போய் முடித்திருக்கிறீர்கள், ஒரு நாள் கழித்து அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எழுதுங்கள்.

ஏழாம் படி: ஒற்றும் சீர்மையும்

சந்தியை இறுதிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. வாக்கியம் மாறும்போதெல்லாம் ஒற்றும் மாறும் என்பதால், முன்பே திருத்தினால் இரட்டை வேலை. புதியவர் எல்லா விதிகளையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டாம் வேற்றுமை "ஐ" உருபுக்குப்பின்னும் நான்காம் வேற்றுமை "கு" உருபுக்குப்பின்னும் வல்லினம் மிகும்: "நூலைப் படித்தார்", "ஊருக்குப் போனார்". "ஆக", "என" ஆகியவற்றுக்குப்பின்னும் மிகும். "படித்த பெண்" போன்ற பெயரெச்சத்திலும், "சுடுசோறு" போன்ற வினைத்தொகையிலும், "செடிகொடி" போன்ற உம்மைத்தொகையிலும் மிகாது. இவ்வளவைக் கொண்டே பெரும்பாலான இடங்களைச் சரிசெய்துவிடலாம். "வேலை கொடு" என்பது பணியைக் கேட்கிறது. "வேலைக் கொடு" என்பது கையில் உள்ள வேலாயுதத்தைக் கேட்கிறது. பொருளே மாறும் இத்தகைய இடங்களில் மட்டும் இருமுறை பாருங்கள்.

உயிரெழுத்துக்குமுன் "ஓர்", மெய்க்குமுன் "ஒரு" என்பதை முடிந்தவரை கடைப்பிடியுங்கள். "கோவில்", "கோயில்" ஆகிய இரண்டும் வழக்கில் உள்ளவை; ஒன்றைத் தேர்ந்துகொண்டு, கணினியின் தேடல் வசதியால் மற்றதைத் தேடி மாற்றுங்கள். "1987இல்", "1987 இல்", "1987-ல்" என்று மூன்று வகையாக எழுதியிருந்தால் அதையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் கை அடிக்கடி எழுதிவிடும் வெற்றுச் சொற்கள் எவை என்பது இரண்டு மூன்று கட்டுரைகளைத் திருத்தியபின் உங்களுக்கே தெரிந்துவிடும். அவற்றை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு, வெளியிடுவதற்குமுன் ஒவ்வொன்றாக அதே தேடல் பெட்டியில் இட்டுப் பாருங்கள்.